பனிச் சாலையில் நான்கு சக்கரங்கள்: மணாலி, அன்றும் இன்றும்

நவம்பர் பாதி கடந்ததும் ரோத்தாங் கணவாய் அடைபட்டுவிடும். மணாலியிலிருந்து 51 கி.மீ. தொலைவில், 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கணவாய் மறுபடியும் வண்டிகளுக்குத் திறக்க மே மாதம் ஆகும். முன்பெல்லாம் அதுவரை கணவாய்க்கு அப்பால் இருக்கும் லாஹௌல் பள்ளத்தாக்கு தனி உலகமாக இருந்தது. மாவட்டத் தலைநகரான கேலாங்கில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், பிரசவம் சிக்கலானால், அரசு அனுப்பும் ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மேகம் விலகாவிட்டால் ஹெலிகாப்டரும் வரவில்லை. வேறு வழியில்லாதவர்கள் நடந்தே கணவாயைத் தாண்டினார்கள். அவர்களுக்காகக் குளிர்காலம்தோறும் இந்தப் பக்கம் மர்ஹியிலும் அந்தப் பக்கம் கோக்சரிலும் மீட்பு முகாம்கள் போடப்பட்டன. அப்படியும் பனிப்புயலில் சிக்கித் திரும்பாதவர்கள் உண்டு.

2020 அக்டோபர் 3 அன்று அந்தக் கதை மாறியது. எல்லைச் சாலைகள் அமைப்பு மலையைக் குடைந்து கட்டிய 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. மணாலிக்கும் கேலாங்குக்கும் இடையே 46 கி.மீ. குறைந்தது. சுரங்கத்தின் தெற்கு வாசல் 3,060 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கு வாசல் அதைவிடச் சில மீட்டர்தான் மேலே. கணவாயின் உச்சிக்கு ஏறவே வேண்டாம். டிசம்பரில் மணாலியில் காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பினால் மதியத்துக்குள் சுரங்கத்துக்கு அப்பால் சிஸ்ஸூ கிராமத்துப் பனியில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போகிற குடும்பங்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கின்றன.

லாஹௌல் மக்களுக்கு இது பெரிய விடுதலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே சுரங்கம், பனியில் ஒருநாளும் வண்டி ஓட்டாத ஆயிரக்கணக்கானவர்களை முதல்முறையாகக் குளிர்காலச் சாலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. சுரங்கத்துக்குள் பனி இல்லை. மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங்கிலிருந்து தெற்கு வாசல் வரையிலும், வடக்கு வாசலிலிருந்து சிஸ்ஸூ, கேலாங் வரையிலும் இருக்கும் சாலை, பனி விழும் நாளில் பழைய சாலைதான். பாதை மாறிவிட்டது, வண்டி மாறிவிட்டது. தரையைத் தொடும் டயர் மட்டும் மாறவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

வண்டி

1947-இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை உதிரிபாகங்களாக இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இமயமலைச் சாலையில் நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் அது ஜீப்தான். சாதாரண நேரத்தில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். பனியோ சேறோ வந்தால் கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரைத் தள்ளி முன் ஆக்ஸிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் செங்குத்தான இடம் என்றால் இன்னொரு லீவர் இருந்தது. அதைப் போட்டால் வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும், இழுவை கூடும்.

அந்த ஜீப்புக்கு ஒரு பெரிய குறை இருந்தது. ஓர் ஆக்ஸிலில் ஒரு சக்கரம் பனிக்கட்டியில் மாட்டினால், இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் முழுச் சுழற்சியையும் வழுக்குகிற சக்கரத்துக்கே அனுப்பிவிடும். தரையைப் பிடித்து நிற்கிற சக்கரம் சும்மா இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரங்கள் வழுக்கிவிட்டால் பெயருக்குத்தான் நான்கு சக்கர இழுவை, வண்டி அசையாது. அப்போது உள்ளே இருப்பவர்கள் இறங்கி, மண்வெட்டியால் பனியை வாரி, சக்கரத்தடியில் சாக்கையோ மணலையோ சாம்பலையோ போட்டுத் தள்ள வேண்டும். 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் எடை ஒரு டன்னை ஒட்டியே இருந்ததால் அது மலைக்கு மிகவும் பொருந்தியது. மேட்டில் எளிதாக ஏறியது, பள்ளத்தில் சீக்கிரம் நின்றது, சிக்கினால் நாலு பேர் தள்ளினாலே வெளியே வந்தது.

இன்றைய வண்டிகள் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டன. 2020-இல் வந்த புதிய மஹிந்திரா தாரிலும், 2023-இல் இந்தியாவுக்கு வந்த மாருதி ஜிம்னியிலும், எந்தச் சக்கரம் வெறுமனே சுற்றுகிறது என்பதை உணரி கண்டுபிடிக்கும். கணினி அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். உடனே சக்தி அதே ஆக்ஸிலின் மறுபக்கத்துச் சக்கரத்துக்குப் போய்விடும். இறக்கத்தில் கால் வைக்காமலே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி 1997-இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் முதலில் வந்தது. இப்போது பல எஸ்.யூ.வி.களில் ஒரு பொத்தானாக இருக்கிறது. முன்பு மண்வெட்டியும் மனித பலமும் செய்த வேலையை இன்று பிரேக்கும் கணினியும் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கின்றன.

இந்த முன்னேற்றம் உண்மையானது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கணினி செய்வதெல்லாம் இருக்கிற பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான். டயரும் தரையும் சேர்ந்து கொடுக்காத பிடிப்பை எந்தக் கணினியாலும் உண்டாக்க முடியாது.

டயர்

பழைய ஜீப்பின் டயர் 6.00-16. அதாவது அகலம் 6 அங்குலம், ரிம் 16 அங்குலம். உயரமான, ஒல்லியான பட்டன் டயர், உள்ளே ட்யூப். பனியைப் பற்றி யாரும் யோசித்துச் செய்தது அல்ல. ராணுவத்துக்காக, முன்னும் பின்னும் ஒரே மாதிரி இழுக்கும்படி வடிவமைத்தது. ஆனால் அதன் ஒல்லித்தனம் ஒருவகையில் உதவியது. மெல்லிய பனி படிந்த சாலையில் ஒடுங்கிய டயர் பனியைக் கிழித்துக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டித் தரையைத் தொட்டுவிடும். அகன்ற டயர் பனியின் மேலேயே மிதக்கும்.

இன்று தாரின் மேல்ரக மாடல்களில் வருவது 255/65 ஆர் 18. அகலம் 255 மில்லிமீட்டர், ஏறத்தாழ 10 அங்குலம். பார்க்க கம்பீரமாக இருக்கிறது. மணலிலும், முழங்கால் ஆழப் புதுப்பனியிலும் அந்த அகலம் உதவும். ஆனால் மணாலியிலோ சிஸ்ஸூவிலோ சுற்றுலா வண்டிகள் ஓடுவது பெரும்பாலும் மெல்லிய பனி அல்லது வண்டிகள் ஏறி ஏறி இறுகிய பனிதான். அங்கே 195 மில்லிமீட்டர் அகலமுள்ள ஜிம்னியின் டயர் எந்த விதத்திலும் குறைந்தது அல்ல.

அகலத்தைவிட முக்கியமானது ரப்பரின் தன்மை. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நம் ஊர் வெயிலுக்காகச் செய்யப்பட்ட டயர், குளிர் ஏறஏற விறைத்துக்கொண்டே போகும். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் நெகிழ்ச்சி குறையத் தொடங்குகிறது. விறைத்த ரப்பர் சாலையின் மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்காது, மேலோடு வழுக்கிக்கொண்டு போகும். குளிர்கால டயரின் கலவையே வேறு. இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்த்திருப்பதால் அது பூஜ்யத்துக்குக் கீழேயும் இளக்கமாக இருக்கிறது.

அடுத்தது பட்டன் வடிவம். குளிர்கால டயரின் ஒவ்வொரு பட்டனிலும் மயிரிழை போல நூற்றுக்கணக்கான கீறல்கள் இருக்கும். டயர் தரையில் அழுந்தும்போது அவை விரிந்து, ஆயிரக்கணக்கான விளிம்புகளாகப் பனியைக் கடிக்கும். பெரிய பள்ளங்கள் இன்னொரு வேலை செய்கின்றன. அவை பனியை உள்ளே வாங்கி இறுக்கிக்கொள்கின்றன. பனி பனியோடு நன்றாக ஒட்டும். பள்ளத்தில் இறுகிய பனியே சாலைப் பனியைப் பற்றிக்கொள்கிறது. சேற்றில் பள்ளம் அடைபட்டால் டயர் பயனற்றுப் போகும். பனியில் அது அப்படியல்ல.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் நம்மவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். தார் வாங்கிய கையோடு பெரிய பெரிய பட்டன்களுள்ள மட் டெரெய்ன் டயர் மாட்டிக்கொண்டு, இனி எங்கும் போகலாம் என்று நம்புகிறார்கள். ஆழமான புதுப்பனியில் அது ஓரளவு தோண்டிக்கொண்டு போகும். இறுகிய பனியிலும் பனிக்கட்டியிலும் கதை தலைகீழ். பட்டன்கள் பெரியவை, கீறல்கள் குறைவு, ரப்பர் கெட்டி. தரையைத் தொடும் ரப்பரும் குறைவு, கடிக்கும் விளிம்பும் குறைவு. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும் டயர்தான் பனிக்கட்டியில் பெரும்பாலும் மோசமாக வழுக்குகிறது.

பனி நாடுகள் இந்தப் பாடத்தைப் படித்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. உலகின் முதல் குளிர்கால டயரை 1934-இல் பின்லாந்தின் நோக்கியா ஊரில் லாரிகளுக்காகச் செய்தார்கள். 1936-இல் அதே ஆலையிலிருந்து கார்களுக்கான ஹக்கபெலீட்டா டயர் வந்தது. அந்தப் பெயரில் இன்றும் டயர் விற்கிறது. பிறகு 1960-களில் டயரில் சிறு உலோக ஆணிகள் பதிக்கும் முறை பரவியது. பனிக்கட்டியில் அதற்கு ஈடில்லை. ஆனால் பனி இல்லாத நாட்களில் ஆணிகள் தார்ச்சாலையை அரைத்துத் தூளாக்கின. ஜப்பானின் செண்டாய், சப்போரோ நகரங்களில் 1980-களில் அந்தத் தூசி மக்களின் மூச்சுக்கே கேடாகிவிட்டது. மக்கள் எதிர்த்தார்கள். 1990-இல் ஜப்பான் சட்டம் போட்டு ஆணி டயரை ஒதுக்கியது. அதற்கு மாற்றாக ஆணியில்லாத பனி டயர்கள் வளர்ந்தன. 1988-இல் பிரிட்ஜ்ஸ்டோன் கொண்டுவந்த ப்ளிஸாக் டயரின் ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருந்தன. பனிக்கட்டியின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் வழுக்கலுக்குப் பெருங்காரணம். அந்த நீரை நுண்துளைகள் உறிஞ்சிக்கொண்டன. ரப்பர் பனிக்கட்டியைத் தொட்டது.

டயர் வாங்குகிறவர் பக்கவாட்டில் பார்க்க வேண்டிய அடையாளங்கள் இரண்டு. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகள் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் வடிவம் என்று மட்டும் சொல்லும். அதற்குப் பனியில் எந்தச் சோதனையும் தேவையில்லை. மூன்று சிகரங்களுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த சின்னம் 1999-இல் வந்தது. இறுகிய பனியில் ஓட்டிப் பார்த்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் அதிகம் இழுத்தால்தான் அந்தச் சின்னம் கிடைக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம். ஜெர்மனியில் 2010 முதல் பனிச் சாலைக்குக் குளிர்கால டயர் வேண்டும்; 2024 அக்டோபர் முதல் அங்கே எம் பிளஸ் எஸ் எழுத்து மட்டும் போதாது, மலைச் சின்னமும் இருக்க வேண்டும்.

இந்தியாவில் அப்படி எந்தச் சட்டமும் இல்லை. கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதிதான் உண்டு. பனிக்கு அது போதவே போதாது. ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரைக் குளிர்கால டயர் என்றே ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் மொட்டை டயர் என்று நாம் ஒதுக்குவதற்கு வெகு முன்பே ஒரு டயர் பனிக்கு மொட்டையாகிவிடுகிறது.

இதில் என்னை வருத்தும் ஒன்று உண்டு. சென்னையைச் சுற்றி இத்தனை டயர் ஆலைகள் இருக்கின்றன. ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்போலோ நிறுவனம் 2009-இல் நெதர்லாந்தின் வ்ரெடெஸ்டீன் நிறுவனத்தை வாங்கியது. வ்ரெடெஸ்டீன் ஐரோப்பாவில் குளிர்கால டயருக்குப் பேர்போனது. ஆக, செய்யும் அறிவு நம் நாட்டு நிறுவனங்களிடமே இருக்கிறது. ஆனால் மணாலியிலோ சிம்லாவிலோ ஒருவர் தன் வண்டிக்குப் பனி டயர் வேண்டும் என்றால் அலைந்து தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கேட்பவர் இல்லை என்று கடைக்காரர் வைப்பதில்லை. கடையில் இல்லை என்று யாரும் கேட்பதில்லை.

சங்கிலி

டயர் கிடைக்காத இடத்தில் சங்கிலிதான் துணை. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஹாரி வீட் 1904-இல் டயர்ச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். சேற்றில் போக டயரைச் சுற்றிக் கயிறு கட்டியவர்களைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்படை அதேதான். இரும்பு வளையங்கள் டயருக்குக் குறுக்காக ஓடிப் பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கும்.

மாறியிருப்பது வடிவம். ஏணி போலக் குறுக்குப் படிகள் மட்டும் இருந்த பழைய சங்கிலியில், படி தரையைத் தொடும்போது பிடிப்பு, அடுத்த படி வரும்வரை வழுக்கல். கட்டங்கட்டமாகப் பின்னிய இன்றைய சங்கிலியில் எந்த நேரமும் ஏதாவதொரு வளையம் தரையில் இருக்கும். பக்கவாட்டு வழுக்கலையும் அது தடுக்கிறது. டயருக்கு உறை போலப் போட்டுக்கொள்ளும் துணியுறைகளும் வந்துவிட்டன. மாட்டுவது எளிது. ஆனால் வெறும் தார்ச்சாலையில் சீக்கிரம் கிழிந்துபோகும். அவசரத்துக்கு மட்டும் ஆகும்.

முன்பு ராணுவ லாரியிலும் மலையோர ஜீப்பிலும் சங்கிலி வண்டியின் ஓர் அங்கமாகவே இருந்தது. மாட்டவும் கழற்றவும் ஓட்டுநருக்குக் கைப்பழக்கம் இருந்தது. இன்று மணாலியில் பனி விழுந்த காலையில் சாலையோரத்தில் வாடகைக்கு எடுக்கிறார்கள். டயர் அளவும் சங்கிலி அளவும் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. தளர்ந்த சங்கிலி சுழன்று அடித்து உள்பக்கத்து பிரேக் குழாயையே அறுத்துவிடும். ஆகவே சில விஷயங்களை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைக் குறித்துக்கொண்டு அதற்கான சங்கிலியை ஊரிலேயே வாங்குங்கள். வீட்டு வாசலில், வெயிலில், கை விறைக்காத நேரத்தில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் போடுவதே சிறப்பு. ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் முன்னாலா பின்னாலா என்பதை வண்டியின் கையேடு சொல்லும், அதன்படி செய்யுங்கள். முன்னால் மட்டும் போட்டால் இறக்கத்தில் பின்பக்கம் வீசித் திரும்பலாம். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காமல் போகலாம். சமதளத்தில், பனி தொடங்குவதற்கு முன்பே மாட்டுங்கள். ஏற்றத்தில் சிக்கிய பிறகு மாட்டுவது ஆபத்து. நூறு மீட்டர் போனதும் இறங்கி மறுபடியும் இறுக்குங்கள். 40 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம். தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள்.

காற்று

ஜீப் காலத்து ஓட்டுநர்கள் பனியில் சிக்கினால் முதலில் செய்தது டயரில் காற்றை இறக்குவது. காற்றுக் குறைந்த டயர் பரந்து படியும். ஆழமான இளகிய பனியில் அது புதையாமல் மேலே நிற்க உதவும். ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளின் மேல் ஓட்டுகிறவர்கள் இதையே கலையாக வளர்த்து, ராட்சத டயர்களில் ஒற்றை இலக்க அழுத்தத்தில் ஓட்டுகிறார்கள். ஆனால் மணாலி–சிஸ்ஸூ போன்ற, பனி வாரி அகற்றப்பட்ட சாலைக்கு அது தேவையில்லை. அங்கே நிறுவனம் சொன்ன அழுத்தமே சரி.

சரியான அழுத்தம் எது என்பதில்தான் மலை நம்மை ஏமாற்றும். வெப்பம் ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரி இறங்கும்போதும் டயரில் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையும். சண்டிகரில் 20 டிகிரியில் காற்றுப் பிடித்துக்கொண்டு சிஸ்ஸூவின் மைனஸ் 10-க்குப் போனால் ஐந்தாறு பி.எஸ்.ஐ. காணாமல் போகும். மறுபுறம், உயரம் ஏறஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கருவியில் எண் கூடிக் காட்டும். 3,000 மீட்டரில் அது 4 பி.எஸ்.ஐ. வரை போகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டலாம், ஈடுகட்டாமலும் போகலாம். அதனால் கீழே பிடித்த காற்றை நம்பாமல், இரவு தங்கிய இடத்தில், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே வழி. அன்று இதற்குப் பட்டறையைத் தேடிப் போக வேண்டும். இன்று கைக்கு அடக்கமான பம்பு வண்டியிலேயே இருக்கிறது. நல்ல மாற்றங்களில் இது ஒன்று.

நிற்பது

நான்கு சக்கர இழுவை வண்டி வாங்கியவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றி இருக்கிறது: மற்ற வண்டிகள் சிக்கும் இடத்தில் என் வண்டி போகும். அது சரிதான். அந்த நம்பிக்கை அடுத்த படியாக, என் வண்டி நன்றாக நிற்கும் என்று மாறுவதுதான் ஆபத்து. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. நிற்கும் விஷயத்தில் தாருக்கும் ஆல்ட்டோவுக்கும் வித்தியாசம் டயரில் இருக்குமே தவிர, இழுவை முறையில் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் அழுத்திய இடத்திலிருந்து 8 மீட்டர் அளவில் வண்டி நின்றுவிடும். இறுகிய பனியில் அது 30 மீட்டரைத் தொடும். பனிக்கட்டியில் 60 மீட்டரைத் தாண்டும். இது சமதளக் கணக்கு. பனிக்கட்டியின் உராய்வு உலர்ந்த சாலையின் உராய்வில் எட்டில் ஒரு பங்குதான். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிற சரிவில் வண்டியைக் கீழே இழுக்கும் விசையும் டயர் பிடிக்கும் விசையும் ஏறத்தாழ சமமாகிவிடும். அங்கே பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. சோலாங் பக்கத்து இறக்கங்களில் வண்டிகள் ஆள் இல்லாதவை போல மெதுவாகச் சறுக்கிப் போவதை வீடியோக்களில் பார்க்கிறோம். அங்கே நடப்பது இந்தக் கணக்குதான்.

பூட்டிக்கொள்ளாத பிரேக்கான ஏ.பி.எஸ். 1978-இல் மெர்சிடிஸ் காரில் வந்தது. இன்று இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களிலும் இருக்கிறது. பனியில் அது ஸ்டியரிங்கைக் காப்பாற்றித் தரும். பிரேக் அழுத்தியபடியே திரும்ப முடியும். ஆனால் தூரத்தைக் குறைக்காது. இளகிய பனியில் பூட்டிய சக்கரம் முன்னால் பனியைக் குவித்துத் தடுப்பு எழுப்பிக்கொள்ளும். ஏ.பி.எஸ். அதைச் செய்ய விடாததால் அங்கே இன்னும் சில மீட்டர் கூடவே ஓடும்.

பழைய ஓட்டுநர்களுக்கு இந்த வசதி எதுவும் இல்லாததால் வேறொரு பழக்கம் இருந்தது. இறக்கத்துக்கு முன்பே குறைந்த கியருக்கு வந்து, நான்கு சக்கர இழுவையைப் போட்டு, எஞ்சினையே பிரேக்காக்கி இறங்குவார்கள். எஞ்சினின் தடை நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சீராகப் போகும், எதுவும் பூட்டிக்கொள்ளாது. இன்றைய தாரிலும் ஜிம்னியிலும் அதே லீவர் இன்னும் இருக்கிறது. இறக்கத்தில் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். வெயில் பட்ட வளைவில் உலர்ந்த தாரும், நிழல் விழுந்த அடுத்த வளைவில் பனிக்கட்டியுமாகச் சாலை மாறிமாறி வரும். இவ்வகை வண்டிகளில் உலர்ந்த தாரில் நான்கு சக்கர இழுவையோடு திரும்பினால் ஆக்ஸில்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். ஆகவே போடவும் எடுக்கவும் கை தயாராக இருக்க வேண்டும். மேகமற்ற இரவுக்கு அடுத்த காலையில் நிழல் வளைவுகளில் சாலை வெறும் ஈரம் போல மினுங்கும். அது ஈரமல்ல, கண்ணாடிப் பனி. பத்து மணி வெயில் வரும்வரை காத்திருந்து கிளம்புவது மலையோரத்தார் வழக்கம்.

மனிதர்

2024 டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய பனிப்பொழிவில், சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் சிக்கின. போலீஸார் இரவெல்லாம் நின்று, வழுக்குகிற வண்டிகளைக் கையால் தாங்கி, நூற்றுக்கணக்கான பயணிகளைக் கீழே கொண்டுவந்தார்கள். சிக்கியவற்றில் நான்கு சக்கர இழுவை வண்டிகளும் இருந்தன. பனி விழும் நாளில் நான்கு சக்கர இழுவை வண்டிக்கும் சங்கிலி போட்ட வண்டிக்கும் மட்டுமே அனுமதி என்று நிர்வாகம் அறிவிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல விதிதான். ஆனால் அது வண்டியின் இழுவையைக் கேட்கிறது, டயர் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. தேய்ந்த கோடைக்கால டயரோடு வரும் எஸ்.யூ.வி. சோதனைச் சாவடியைத் தாண்டிவிடுகிறது. நல்ல பனி டயர் போட்ட சின்னக் கார் திருப்பி அனுப்பப்படலாம். எது பத்திரமாக நிற்கும் என்று கேட்டால் பதில் நேர்மாறாக இருக்கும்.

அன்றைய மலை ஓட்டுநரிடம் பலவீனமான வண்டியும் திடமான அறிவும் இருந்தன. வண்டியால் முடியாததை அவர் அறிந்திருந்தார். எங்கே திரும்பிவிட வேண்டும், எந்த வானத்துக்குக் கிளம்பக் கூடாது என்று தெரிந்திருந்தது. இன்று வண்டி பலமானது. ஓட்டுகிறவருக்கோ பனி புதியது. வண்டி ஏறும்வரை ஏறிக் கொடுத்து, எந்தச் சிரமமும் காட்டாமல், இறங்க முடியாத இடத்தில் கொண்டுபோய் அவரை நிறுத்துகிறது. பழைய ஜீப் அடிவாரத்திலேயே வழுக்கி எச்சரித்திருக்கும்.

அந்தப் பழைய நாட்கள் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்த கர்ப்பிணிகளின் காலம் யாருக்கும் வேண்டாம். சுரங்கம் வந்ததைப் போல, இழுவைக் கணினி வந்ததைப் போல, பனி டயரும் இந்த மலைக்கு வந்து சேர வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை லாஹௌலுக்கும் குல்லு மாவட்ட மேல்பகுதிக்கும் பயணிகளை ஏற்றிச்செல்லும் வாடகை வண்டிகளுக்காவது மலைச் சின்னம் போட்ட டயரைக் கட்டாயமாக்கலாம். ஆண்டு முழுவதும் ஓட்டக்கூடிய ஆல் டெரெய்ன் வகையிலேயே அந்தச் சின்னம் பெற்றவை இன்று உலகச் சந்தையில் நிறைய உண்டு. அதனால் இது பெருஞ்செலவு பிடிக்கும் கனவு அல்ல. தேவை என்று சட்டம் சொன்னால் ஆலைகள் செய்யும், கடைகள் வைக்கும். சாவடியில் நிற்கும் போலீஸ்காரர் வண்டியின் பெயரைப் பார்ப்பதற்குப் பதில் குனிந்து டயரைப் பார்க்கட்டும். பட்டன் 4 மில்லிமீட்டர் இருக்கிறதா, சங்கிலி டயருக்குப் பொருந்துகிறதா என்று அளக்க அரை நிமிடம் போதும்.

அடுத்த குளிர்காலத்துக்குப் பனியைப் பார்க்கப் போகிறவர்கள் வாடகை வண்டி பேசும்போது, எத்தனை சக்கரம் இழுக்கும் என்பதோடு நிறுத்த வேண்டாம். என்ன டயர், எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சங்கிலி வண்டியில் இருக்கிறதா, உங்களுக்கு மாட்டத் தெரியுமா என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள், அல்லது பனி உருகும்வரை மணாலியிலேயே இருங்கள். பயணிகள் இப்படிக் கேட்கத் தொடங்கினால் வண்டிக்காரர்கள் டயரை மாற்றுவார்கள். சட்டம் வரும்வரை இந்த மாற்றத்தை நம்மாலேயே தொடங்கி வைக்க முடியும்.